இடஞ்சுழிப் பந்தயம்: ஒரு வழக்கத்தின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் நகரில் 1911ஆம் ஆண்டிலே தொடங்கிய ஐந்நூறு மைல் மோட்டார்ப் பந்தயம் இன்றும் உலகப் புகழ்பெற்று விளங்குகின்றது. இரண்டரை மைல் நீளமுள்ள பாதையைச் சாரதிகள் 200 தடவை சுற்றி வருகின்றனர். சுற்றொன்றுக்கு நான்கு வளைவுகளாகக் கணக்கிட்டால் மொத்தம் 800 வளைவுகள். அவை எண்ணூறும் இடப்புறம் திரும்பும் வளைவுகளே. வலப்புற வளைவு ஒன்றேனும் அப்பாதையில் இல்லை. அந்நாட்டின் சிற்றூர்களிலே காணப்படும் எண்ணற்ற மண்பாதைகளிலும் இதுவே நியதி. கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராக, அதாவது இடஞ்சுழியாகவே, கார்கள் ஓடுகின்றன.

இவ்வாறு ஓடுவது ஏன்? இதுவும் ஆராயத்தக்க ஒரு பொருளா என்று வாசகருட் சிலர் எண்ணக்கூடும். பெரும்போர்களையும் புரட்சிகளையும் விட்டுக் கார்கள் சுற்றும் திசையை ஆராய்வதனால் யாது பயன் என்று வினவவுங்கூடும். ஆயின் சமுதாய வழக்கம் ஒன்று எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு நிலைபெறுகின்றது, பின்னர் எவ்வாறு இயற்கை விதியென்ற வேடத்தைப் புனைந்துகொள்கின்றது என்பவற்றை அறிய இச்சிறு பொருள் நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது. உணர்ச்சிக்கு இடமளிக்காத சிறிய விடயத்தில் ஆராய்ச்சி முறையைப் பயின்றுகொண்டால், உணர்ச்சியைக் கிளறும் பெரிய விடயங்களிலும் அம்முறையைக் கையாளும் தெளிவு நமக்கு உண்டாகும்.

திசைக்குப் பொருள் கற்பிப்பது மனிதருக்குப் பழைய பழக்கம். கோயிலைச் சுற்றுவதை நாம் 'வலம் வருதல்' என்கிறோம். மூலவர் நமது வலக்கைப் புறத்தே இருக்கும்படி கடிகார முள்ளின் திசையிலே சுற்றுகிறோம். வலம் என்ற சொல்லுக்கே வலிமை, வெற்றி என்ற பொருள்களும் உண்டு. மக்காவிலுள்ள கஃபாவைச் சுற்றும் முஸ்லிம் மக்களோ அதனை இடப்புறத்தே கொண்டு எதிர்த்திசையிற் சுற்றுகின்றனர். இரு சாராரும் மனிதரே. இரு சாராருக்கும் இரு கால்களே. ஆகவே மனித உடலின் அமைப்பு ஒரே திசையை மாத்திரம் வேண்டி நிற்கின்றது என்று எளிதிற் கூறிவிட முடியாது என்பதை நாம் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளவேண்டும்.

இடஞ்சுழிக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, உடலமைப்பைப் பற்றியது. இதயம் இடப்புறம் சாய்ந்திருக்கின்றது. பெரும்பாலானோர் வலக்கைப் பழக்கமும் வலக்கால் வலிமையும் உடையோர். ஆதலால் இடப்புறம் திரும்புவதே மனிதருக்கு இயல்பு என்பர். இக்கூற்று உண்மையாயின், 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவில் ஓட்டவீரர் வலஞ்சுழியாக ஓடியமைக்கு என்ன விளக்கம்? அவ்வாண்டில் ஏதென்ஸில் ஓடியவர்களின் இதயமும் இடப்புறத்திலேயே இருந்தது. இன்று உலகெங்கும் ஓட்டப்போட்டிகள் இடஞ்சுழியாக நடைபெறுகின்றனவெனின், அது சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டதன் பின்னர் ஏற்பட்ட ஒழுங்கு.

இரண்டாவது, எழுத்தைப் பற்றியது. வெளிப்புறத்தே மேடையில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் முன்னால், இடஞ்சுழியாக ஓடுபவை இடமிருந்து வலமாகச் செல்லும். ஆங்கிலம் எழுதப்படுவதும் அத்திசையிலேயே. ஆகவே கண்ணுக்கு அதுவே இதம் என்பர். இங்கிலாந்தின் அஸ்கொற் குதிரைப் பந்தயத் திடலைக் கண்டோர் இதனை ஏற்கமாட்டார்கள். ஆங்கிலேய அரச குடும்பத்தினரே வந்து அமரும் அத்திடலிற் குதிரைகள் வலஞ்சுழியாக ஓடுகின்றன. வலமிருந்து இடமாகச் செல்லும் குதிரைகளைப் பார்த்ததனால் அவர்களது கண்ணுக்குக் குறையேதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம் சற்று வலுவுடையது. அமெரிக்கக் கார்களிற் சாரதியின் ஆசனம் இடப்புறத்தில் உள்ளது. நீள்வட்டப் பாதையின் வெளிவிளிம்பிலே சுவர் நிற்கின்றது. இடஞ்சுழியாக ஓடும்போது சுவர் காரின் வலப்புறத்தில் அமைகின்றது. கார் சுவரில் மோதினும் சாரதி மறுபக்கத்தில் இருப்பதனால் ஓரளவு தப்பிக்கொள்கிறார். இது நியாயமாகவே தோன்றும். ஆயின் வரலாற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்பதே ஆராய்ச்சியின் முதற்படி. ஆரம்பகால அமெரிக்கக் கார்கள் பலவற்றிற் சுக்கான் வலப்புறத்திலோ நடுவிலோ அமைந்திருந்தது. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட் கம்பனியின் 'ரீ' மொடல் காரே இடப்புறச் சுக்கானை நாடெங்கும் பரவச் செய்தது. நீள்வட்டப் பாதையிற் கார்ப் பந்தயம் தொடங்கியதோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர். 1911இல் இந்தியானாபோலிஸிலே முதற் பரிசு பெற்ற ரே ஹறூன் ஓட்டியது ஒற்றை ஆசனக் கார். எனவே அமெரிக்காவில் திசை முந்தியது, ஆசனம் பிந்தியது. பின்னர் வந்ததொன்றை முன்னர் நிகழ்ந்ததற்குக் காரணமாகக் காட்டுதல் தர்க்கப் பிழை.

ஆசனம் திசையைத் தீர்மானிக்கவே முடியாதென்று நாம் கூறவில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரருகே 1987இல் திறக்கப்பட்ட நீள்வட்டப் பாதையில் இது நிகழ்ந்தது. அமெரிக்க முறையில் அமைந்த இடப்புறச் சுக்கான் கார்கள் அங்கே இடஞ்சுழியாக ஓடின. 'அவுஸ்கார்' எனப்பட்ட உள்நாட்டுப் பந்தயத்தின் வலப்புறச் சுக்கான் கார்களோ அதே பாதையில் வலஞ்சுழியாக ஓடின. ஒரே தரை, ஒரே சுவர், இரண்டு திசைகள்! மனிதர் ஆராய்ந்து முடிவெடுத்தால் திசை மாறக்கூடியதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் அமெரிக்கரின் இடஞ்சுழி எங்கிருந்து வந்தது?

சிலர் பண்டைய உரோமாபுரியைச் சுட்டுவர். உரோமரின் தேர்ப் பந்தயங்களிலே தேர்கள் நடுச்சுவரை இடப்புறத்தே கொண்டு ஏழு தடவை சுற்றின என்பது உண்மையே. அதற்கும் முற்பட்ட ஹோமரின் இலியட் காவியத்திலும், திரும்பும் கம்பத்தை இடப்புறத்தே கொள்ளுமாறு முதியவரான நெஸ்தோர் தம் மகனுக்கு அறிவுரை கூறுவதைக் காண்கிறோம். வலக்கையிற் சவுக்கை ஏந்திய சாரதி, வெளிப்புறத்தே ஓடும் குதிரையை விரட்டி உட்புறக் குதிரையை அடக்குதல் எளிது என்று இதற்கு விளக்கம் கூறலாம். அத்தேர்களை ஓட்டியோர் பெரும்பாலும் அடிமைகள் அல்லது விடுதலை பெற்ற அடிமைகளே என்பதும் குறிப்பிடத்தக்கது. லுசித்தானியாவிற் பிறந்த டயொக்கிளிஸ் என்ற சாரதி 4,257 பந்தயங்களில் ஓடி 1,462 வெற்றிகளை ஈட்டியதாகக் கல்வெட்டுக் கூறும். ஆயின் உரோமரின் தேர்த்திடலுக்கும் அமெரிக்கக் கண்காட்சித் திடலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடக்கின்றது. ஒப்புமை வேறு, தொடர்ச்சி வேறு.

அமெரிக்கர் தாமே விரும்பிக் கூறும் கதை இன்னொன்று. அது வில்லியம் விட்லி என்பவரைப் பற்றியது. கென்ரக்கிப் பிரதேசத்திற் குடியேறிய இவர், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான சுதந்திரப் போர் முடிந்ததன் பின்னர், 1780களின் பிற்பகுதியில், தமது நிலத்தில் ஒரு குதிரைப் பந்தயத் திடலை அமைத்தார். ஆங்கிலேயர்மீது கொண்ட வெறுப்பினால், அவர்கள் புற்றரையில் ஓடுகின்றனரெனின் நாம் களிமண்ணில் ஓடுவோம், அவர்கள் வலஞ்சுழியெனின் நாம் இடஞ்சுழி என்று அவர் விதித்ததாகக் கூறுவர். அன்று தொட்டு அமெரிக்கக் குதிரைகள் இடஞ்சுழியாக ஓடின. குதிரைகளைத் தொடர்ந்து கார்களும் அவ்வாறே ஓடலாயின என்பது கதை.

கதை அழகானதே. ஆயின் இதனை ஆராயப் புகுமிடத்து இரண்டு தடைகள் எதிர்ப்படுகின்றன. முதலாவது, இங்கிலாந்திலே குதிரைகள் யாவும் வலஞ்சுழியாகவே ஓடின என்பது உண்மையன்று. அஸ்கொற் வலஞ்சுழி, ஆயின் 1780 முதல் டேர்பிப் பந்தயம் நடைபெற்றுவரும் எப்சம் திடலிலே குதிரைகள் இடப்புறமே திரும்புகின்றன. யோர்க் திடலும் அவ்வாறானதே. நிலத்தின் மேடு பள்ளங்களுக்கும் நிலப்பிரபுக்களின் விருப்பத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு திடலும் ஒவ்வொரு திசையைக் கொண்டிருந்தது. அவுஸ்திரேலியாவிலும் இக்கலப்பையே காண்கிறோம்: நியூ சவுத் வேல்ஸில் வலஞ்சுழி, அயலிலுள்ள விக்ரோரியாவில் இடஞ்சுழி. இரண்டாவது, அமெரிக்கர் அனைவரும் விட்லியின் வழியைப் பின்பற்றவில்லை. 1905ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே பெருமுதலாளிகள் கூடிப் பெல்மொன்ற் திடலைத் திறந்தபோது, ஆங்கிலேய நாகரிகத்தைப் பின்பற்றி அங்கே குதிரைகளை வலஞ்சுழியாகவே ஓடவிட்டனர். 1921இலேதான் அத்திடல் ஏனைய திடல்களைப் போல மாறியது. ஆங்கிலேயரை வென்று நூற்றிருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நியூயோர்க் வங்கியாளருக்கு ஆங்கிலேயப் பிரபுக்களைப் போல் ஒழுகும் ஆசை தீரவில்லை.

விட்லியின் தேசப்பற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலங்களைக் கைப்பற்றும் போர்களில் முன்னின்றவர் அவர். 1813இல் தேம்ஸ் ஆற்றுப் போரில், பழங்குடிகளின் மாபெருந் தலைவரான தெக்கும்சே மாண்ட அதே களத்தில், விட்லியும் மாண்டார். ஆங்கிலேய மன்னனுக்கு எதிராகக் குதிரையைத் திருப்பிய கென்ரக்கி, அடிமை முறையை 1865 வரை கைவிடாத மாநிலம். சுதந்திரத்தின் பெயரால் இடப்புறம் திரும்பிய குதிரைகளைப் பேணியோரும் பழக்கியோரும் ஓட்டியோரும் பெரும்பாலும் அச்சுதந்திரத்தில் எவ்விதப் பங்குமற்ற கறுப்பின அடிமைகளாவர். தனியொரு வீரரின் கோபத்தை ஒரு நாட்டு வழக்கத்தின் தோற்றுவாயாகக் காட்டும் கதைகளை நாம் ஐயத்துடன் நோக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

வழக்கத்தை நாடெங்கும் பரப்பிய சக்தியை நாம் வேறிடத்திலே தேடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடைபெற்றது. உழவர் தம் விளைபொருள்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து காட்டினர். அவர்களைக் கவருவதற்குக் குதிரைப் பந்தயம், சிறப்பாகச் சிறுவண்டி பூட்டிய குதிரைகளின் பந்தயம், நடத்தப்பட்டது. இதற்கென அரை மைல் அல்லது ஒரு மைல் நீளமுள்ள நீள்வட்ட மண்பாதைகள் நாடெங்கும் தோன்றின. ஓர் ஊரிற் பழகிய குதிரை அடுத்த ஊரிலும் ஓட வேண்டியிருந்தது. ஆகவே திடல்கள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் அவசியமாயிற்று. இடஞ்சுழி நிலைபெற்றமைக்கு விட்லியின் கோபத்தினும் இத்தேவையே பெரிதும் காரணமாயிருந்திருக்கும். சந்தை விரியுமிடத்து அளவுகளும் முறைகளும் ஒன்றாகும் என்பது பொருளாதார வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இந்நிலையிலே மோட்டார் வண்டி பிறந்தது. ஐரோப்பாவில் அது நெடுஞ்சாலையிலே தன் வலிமையைக் காட்டியது. 1894இல் பரிஸிலிருந்து றுவான் வரையும், 1895இல் பரிஸிலிருந்து போர்தோ வரை சென்று மீண்டும் பந்தயங்கள் நடைபெற்றன. 1903இல் பரிஸ்-மட்றிட் பந்தயம் பல உயிர்களைப் பலிகொண்டு போர்தோவில் இடைநிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலோ ஊர்களை இணைக்கும் நல்ல சாலைகள் அரிதாயிருந்தன. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வேலியிட்ட திடல் ஒன்று காத்துக்கிடந்தது. அங்கே மேடை இருந்தது; வாயில் இருந்தது; வாயிலிற் காசு வாங்குவோரும் இருந்தனர். சாலையோரம் நிற்பவனிடம் கட்டணம் வாங்க முடியாது. வேலிக்குள் நுழைபவனிடம் வாங்கலாம். புதிய யந்திரத்துக்கு விளம்பரம் தேவைப்பட்டது. பழைய திடலுக்கு வருமானம் தேவைப்பட்டது. இரு தேவைகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

1896ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7ஆம் நாள் றோட் ஐலண்ட் மாநிலக் கண்காட்சியின்போது, நரகான்செற் திடலிலுள்ள ஒரு மைல் குதிரைப் பாதையிலே கார்கள் ஓடின. மின்கலத்தால் இயங்கிய ரைக்கர் வண்டி பெற்றோல் வண்டிகளை வென்றது. 1901ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் டெற்றோயிற் நகரருகே குறோஸ் பொயின்ற் குதிரைத் திடலிலே, அந்நாளில் அதிகம் அறியப்படாதிருந்த ஹென்றி போர்ட் தாமே காரை ஓட்டிப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் வின்ரனைத் தோற்கடித்தார். அவ்வெற்றியைக் கண்ட செல்வர்கள் அவருக்குப் பணம் கொடுக்க முன்வந்தனர். அடுத்த மாதமே அவர் பெயரில் ஒரு கம்பனி உருவாயிற்று. 1903இல் இந்தியானா மாநிலக் கண்காட்சித் திடலின் குதிரைப் பாதையிலே பார்னி ஓல்ட்பீல்ட் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குக் குறைந்த நேரத்திற் சுற்றி வந்து வியப்பூட்டினார். அதே ஆண்டில் மில்வோக்கியின் பழைய குதிரைத் திடலிலும் கார்ப் பந்தயம் தொடங்கியது.

கார் இவ்வாறு குதிரையின் வீட்டிற் குடிபுகுந்தது. வந்த வாடகைக்காரன் வீட்டின் வாயிலை மாற்றுவதில்லை. பாதையின் நீளம், மண், வேலி, மேடை, நடுவரின் கூண்டு ஆகிய அனைத்தையும் ஏற்றுக்கொண்ட கார், அவற்றோடு திசையையும் ஏற்றுக்கொண்டது. குதிரைப் பந்தயத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு இங்கிலாந்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1907இல் மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே புரூக்லண்ட்ஸில் ஒரு கொங்கிறீற் பாதை கட்டப்பட்டது. ஆயினும் அங்கே முதற் பருவத்திற் கார்களுக்கு இலக்கமிடாமல், குதிரை ஓட்டிகளைப் போலச் சாரதிகளுக்கு நிறச்சட்டை அணிவித்தே அடையாளம் காட்டினர். யந்திரம் புதியது, அதனை நடத்தியோரின் மனம் பழையது.

1909இல் இந்தியானாபோலிஸின் புதிய பாதையைக் கார்ல் பிஷரும் அவர்தம் கூட்டாளிகள் மூவரும் கட்டினர். இது வெற்று நிலத்திலே புதிதாக எழுந்தது. விரும்பியிருந்தால் எத்திசையையும் அவர்கள் தெரிந்திருக்கலாம். ஆயின் சாரதிகள் கண்காட்சித் திடல்களிற் பழகியவர்கள். பார்வையாளர் அங்கே பார்த்துப் பழகியவர்கள். எனவே இடஞ்சுழியே தொடர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் நடைபெற்ற முதற் கார்ப் பந்தயங்களிலே, நொருங்கிய கல்லும் தாரும் இட்ட தரை பெயர்ந்து, சாரதி ஒருவரும், காரிலே கூடச் செல்லும் யந்திரத் தொழிலாளர் இருவரும், பார்வையாளர் இருவரும் மாண்டனர். அதன் பின்னரே முப்பத்திரண்டு இலட்சம் செங்கற்கள் பதிக்கப்பட்டன. முதலீட்டாளர் தரையை மாற்றினார்கள்; திசையை மாற்ற எவருக்கும் எண்ணந் தோன்றவில்லை.

*

இவ்விடத்தில் வரலாறு ஒரு திருப்பத்தை அடைகின்றது. தொடக்கத்தில் வெறும் பழக்கமாயிருந்த திசை, காலப்போக்கிற் பௌதிக உண்மையாக மாறுகின்றது. ஒரே திசையிலே திரும்பவேண்டிய யந்திரம் அத்திசைக்கேற்பவே வடிவமைக்கப்படலாயிற்று. வலப்புறச் சில்லுகளின் சுற்றளவு இடப்புறச் சில்லுகளினதைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டது. வாய் அகன்று அடி ஒடுங்கிய குவளையைத் தரையிற் படுக்கவைத்து உருட்டினால் அது தானே ஒரு பக்கமாக வளைந்து ஓடும். அதே தத்துவந்தான் இது. காரின் எடை இடப்புறம் கூடுதலாக இருக்கும்படி பாகங்கள் அமைக்கப்பட்டன. பழுதுபார்க்கும் தரிப்பிடம் பாதையின் உட்புறத்தில், அதாவது இடப்புறத்தில், அமைந்தமையால் எரிபொருள் ஊற்றும் வாயும் இடப்புறத்துக்கே வந்தது. இத்தகைய கார் ஒன்றை நேரான சாலையில் விட்டாலும் அது இடப்புறமே இழுக்கும். இன்று ஒருவர் வந்து திசையை மாற்றுக என்பாராயின், கார்களை மாத்திரமன்றிப் பாதைகளையும் மாற்றவேண்டும். இறந்துபோன தலைமுறைகளின் வழக்கம் இவ்வாறு இரும்பிலும் றப்பரிலும் உறைந்து, வாழும் தலைமுறையை ஆள்கின்றது.

அவ்வாறு உறைந்தவுடன் காரணங் கற்பிக்கும் வேலை தொடங்குகின்றது. இதயம் இடப்புறம், ஆசனம் இடப்புறம், கண்ணுக்கு இதம் என்று நாம் முன்னர் கண்ட விளக்கங்கள் யாவும் இவ்வாறு பின்னர் எழுந்தவையே.

திசை மாத்திரம் குதிரைத் திடலிலிருந்து வந்திருப்பின் இக்கட்டுரையை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் திடலைச் சுற்றியிருந்த வேலியையும் கார் ஏற்றுக்கொண்டது. வேலிக்குள்ளே யார் ஓடலாம், யார் ஓடலாகாது என்ற வரையறையும் கூடவே வந்தது.

1875ஆம் ஆண்டு முதலாவது கென்ரக்கி டேர்பிப் பந்தயத்தில் ஓடிய பதினைந்து குதிரை ஓட்டிகளிற் பதின்மூவர் கறுப்பினத்தவர். வென்றவர் ஒலிவர் லூயிஸ். வென்ற குதிரையைப் பழக்கியவர் முன்னர் அடிமையாயிருந்த ஆன்சல் வில்லியம்சன். முதல் 28 டேர்பிகளிற் பதினைந்தைக் கறுப்பினத்தவரே வென்றனர். ஐசாக் மேர்பி மூன்று தடவையும், ஜிம்மி விங்பீல்ட் 1901, 1902 ஆகிய ஈராண்டும் வெற்றியீட்டினர். குதிரை ஓட்டுதல் அடிமை வேலையாகக் கருதப்பட்டவரை அது அவர்களுக்கு விடப்பட்டிருந்தது. பரிசுத்தொகை வளர்ந்து, அது பணமும் புகழும் தரும் தொழிலானவுடன் அவர்கள் வெளியே தள்ளப்பட்டனர். விங்பீல்ட் பிழைப்புத் தேடி றஷ்யாவுக்குச் சென்றார். 1921க்குப் பின்னர் 2000ஆம் ஆண்டுவரை டேர்பியிற் கறுப்பின ஓட்டி ஒருவரேனும் ஓடவில்லை. இந்த விலக்கு, கார்கள் குதிரைத் திடலுக்குள் நுழைந்த அதே ஆண்டுகளில் நடைபெற்றது என்பதை நாம் கவனிக்கவேண்டும். அது தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று. மக்கள் கண்முன்னே, இலாபத்தின் பொருட்டு உண்டாக்கப்பட்ட வழக்கம்.

1910ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் நியூயோர்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே திடலிலே, உலகக் குத்துச்சண்டை வீரரான ஜக் ஜோன்சன் என்ற கறுப்பினத்தவர் பார்னி ஓல்ட்பீல்ட்டுடன் காரோட்டப் போட்டியிட்டார். சூதாட்டத் தடைச் சட்டத்தினால் அவ்வாண்டிலேயே குதிரைப் பந்தயத்தை இழந்த திடல் அது. போட்டியில் ஓல்ட்பீல்ட் வென்றார். ஆயினும் ஜோன்சனுடன் போட்டியிட்ட குற்றத்துக்காக அமெரிக்க மோட்டார்ச் சங்கம் அவரை இடைநிறுத்தியது. வென்ற வெள்ளையருக்கே தண்டனை கிடைத்ததெனின், ஏனையோரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தியானாபோலிஸின் வாயில் கறுப்பினச் சாரதிகளுக்கு மூடப்பட்டிருந்தது. 1924ஆம் ஆண்டு அவர்கள் தமக்கெனத் தனியாக 100 மைல் பந்தயம் ஒன்றைத் தொடங்கினர். அது நடைபெற்ற இடம், ஓல்ட்பீல்ட் ஒரு காலத்தில் ஓடிய அதே கண்காட்சித் திடலின் குதிரைப் பாதை. 'பொன்னும் புகழும்' என்ற பெயருடன் 1936 வரை நடைபெற்ற அப்பந்தயத்திற் பல தடவை வென்ற சாள்ஸ் விக்கின்ஸ் கைதேர்ந்த யந்திரத் தொழிலாளி. வெள்ளையரின் கார்களைத் திருத்தும் கைத்திறன் அவரிடம் வேண்டப்பட்டது. அதே கை சுக்கானைப் பிடித்து இந்தியானாபோலிஸில் ஓட்டுவது மறுக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டுப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் அவர் ஒரு காலை இழந்தார். அதனுடன் அப்பந்தயமும் நின்றுபோயிற்று.

1948இல் நிறுவப்பட்ட 'நாஸ்கார்' அமைப்பின் வரலாற்றிலும் இதனையே காண்கிறோம். வேர்ஜீனியாவைச் சேர்ந்த வெண்டல் ஸ்கொற் என்ற கறுப்பினச் சாரதி 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள், புளோரிடாவின் ஜக்சன்வில் மண்பாதையிலே முதலாவதாக வந்தார். ஆயினும் பின்னால் வந்த வெள்ளையர் ஒருவரே வென்றதாக அறிவிக்கப்பட்டுப் பரிசுக் கிண்ணமும் அவருக்கே வழங்கப்பட்டது. மக்கள் கலைந்து சென்று சில மணி நேரங் கழிந்ததன் பின்னரே, சுற்றுகளை எண்ணியதில் தவறு நேர்ந்ததாகக் கூறி ஸ்கொற்றின் வெற்றியை ஒப்புக்கொண்டனர். உரிய கிண்ணம் அவரது வாழ்நாளில் அவர் கைக்கு வரவேயில்லை. அவர் 1990இல் மறைந்தார். குடும்பத்தினருக்கு அது வழங்கப்பட்டது 2021இல். அதே ஆண்டில் பப்பா வொலஸ் ராலடேகாவில் வென்றபோது, அமைப்பின் தலையாய பந்தயத் தொடரில் வென்ற இரண்டாவது கறுப்பினச் சாரதியானார். இரு வெற்றிகளுக்கும் இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

இந்தியானாபோலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்திற் கறுப்பினத்தவர் ஒருவர், வில்லி ரீ. றிப்ஸ், முதன்முதலாகத் தகுதிபெற்றது 1991இல். பெண்கள் கார்த் தரிப்பிடத்துள் கால்வைப்பதே 1971 வரை தடுக்கப்பட்டிருந்தது. 1977இல் ஜனற் கத்ரி என்ற பெண் சாரதி அங்கே ஓடினார். பெண்ணுடலுக்கு அவ்வேகமும் வெப்பமும் ஒவ்வா என்று கூறியோர் அவர் ஓடியதன் பின்னர் அக்கூற்றை விட்டுவிட வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டு வழக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குவோம். கார்கள் இடப்புறம் திரும்புவது ஒரு வழக்கம். அவற்றை வெள்ளையரான ஆண்களே ஓட்டவேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இரண்டும் குதிரைத் திடலின் வேலியைத் தாண்டி ஒன்றாகவே வந்தன. இரண்டுக்கும் உடலமைப்பையே காரணமாகக் காட்டினர்: அங்கே இதயத்தின் இடம், இங்கே தோலின் நிறமும் பெண்ணின் உடலும். முதலாவது வழக்கத்தினால் எவருக்கும் தீங்கில்லை. ஏதாவதொரு திசையிற் கார்கள் ஓடத்தான் வேண்டும். யாவரும் ஒரே திசையில் ஓடினாலன்றி மோதலே மிஞ்சும். அது மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு. இரண்டாவதோ சிலரின் வசதிக்காகப் பலரின் உழைப்பையும் திறமையையும் புறந்தள்ளிய கொடுமை. இரண்டையும் 'வழக்கம்' என்ற ஒரே சொல்லால் அழைத்து, ஒன்றன் அப்பாவித்தனத்தை மற்றதற்குப் போர்வையாக்குவோரிடம் நாம் விழிப்பாயிருக்கவேண்டும்.

வழக்கத்தை மாற்றவியலாது என்போருக்கும் இந்தியானாபோலிஸே விடை கூறுகின்றது. 2000ஆம் ஆண்டிலிருந்து 2007ஆம் ஆண்டுவரை அங்கே ஐரோப்பிய முறைப் பந்தயம் நடைபெற்றது. அதற்கென உட்புறத்தே புதிய பாதை அமைத்துப் பழைய பாதையின் ஒரு பகுதியோடு இணைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளாக இடப்புறம் திரும்பிய அந்தப் பழைய வளைவிலே கார்கள் வலஞ்சுழியாக, வலப்புறம் திரும்பி ஓடின. தரை பிளக்கவில்லை, பார்வையாளரின் இதயமும் இடம்பெயரவில்லை. பந்தயத்தை நடத்தியோருக்குத் தேவை ஏற்பட்டது, பொறியியலாளர் கணக்கிட்டனர், தொழிலாளர் கட்டினர், திசை மாறியது.

எந்த வழக்கத்தைக் கண்டாலும், இது எப்போது தோன்றியது, யார் தேவைக்காகத் தோன்றியது, இதனால் வேலிக்கு வெளியே நிற்போர் யாவர் என்ற மூன்று வினாக்களையும் கேட்க நமது மாணவரைப் பழக்குவோம். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவனிடம், இது ஆதிகாலந்தொட்டே இப்படித்தான் என்று கூறி அவனது வாயை அடைத்துவிட எவராலும் இயலாது.